நெஞ்சுவலியும் தாதியின் முதல் பத்து நிமிடங்களும்

இதயநோய் உள்ள ஒருவர் நெஞ்சுவலி என்று சொல்லும்போது அவரருகே முதலில் நிற்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், தாதி. மருத்துவமனைக் கூடத்தில் இரவு இரண்டு மணிக்கும், பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்பிலும், தாதிமை இல்லத்தின் உணவுக் கூடத்திலும் இதுவே நிலை. அத்தகையவருக்கு முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 10 நிமிடங்களுக்குள் இதய மின்வரைவு, அதாவது ஈசிஜி, எடுத்துப் படிக்கப்பட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அந்தப் பத்து நிமிடங்களில் தாதி என்ன செய்கிறார், ஏன் அவ்வாறு செய்கிறார், அதில் மொழிக்கு என்ன பங்கு என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மருத்துவப் பொருளை மொழி மேடைக்குக் கொண்டுவருவானேன் என்று சிலர் வினவலாம். நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல்லே இந்நோயை அறிவதற்கான முதற்கருவி. கருவி பழுதுபட்டால் மற்றவை யாவும் பிந்திப் போகின்றன.

தமிழ்நாட்டில் செவிலியர் என்பது வழக்காகிவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் தாதியர் என்கிறோம். இரண்டும் நற்சொற்களே. எனினும் செவிலி என்னும் சொல் சங்க அகப்பாடல்களில் வாழ்ந்த சொல் என்பதை மாணவர்கள் அறிவார்கள். தலைவியின் உடல் மெலிவையும் நிறமாற்றத்தையும் முதலில் காண்பவர்களுள் செவிலித்தாய் ஒருத்தி. ஆனால் கண்ட குறிக்கு வேறு காரணம் கற்பித்து, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவதும் அதே இல்லத்தில்தான் நடக்கிறது. குறியைக் காண்பது ஒரு திறம். அதன் காரணத்தைப் பிழையின்றி உணர்வது வேறொரு திறம். நெஞ்சுவலியைப் பொறுத்தவரை இந்த இரண்டிற்கும் இடையில்தான் உயிர் ஊசலாடுகிறது.

வலி எழும் விதம்

இதயம் உடல் முழுமைக்கும் குருதியை அனுப்புகிறது. தனக்கு வேண்டிய குருதியையோ தன் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் முடியுருத் தமனிகளின் வழியாகப் பெறுகிறது. பிற தசைகள் ஓய்வு நிலையில் குருதியிலுள்ள உயிர்வளியில் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். வேலை மிகும்போது மேலும் எடுத்துக்கொள்ள அவற்றுக்கு இடமுண்டு. இதயத் தசைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஓய்விலேயே அது தன்னிடம் வரும் உயிர்வளியில் முக்கால் பங்கினை எடுத்துவிடுகிறது. ஆகவே தேவை கூடினால் குருதியோட்டமே கூடியாக வேண்டும். தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகியிருந்தால் அது கூடாது. மாடிப்படி ஏறும்போதும் கோபம் கொள்ளும்போதும் தேவைக்கும் வரவுக்கும் இடையே பற்றாக்குறை தோன்றி வலி எழுகிறது. ஓய்வு கொண்டால் சில நிமிடங்களில் அது தணிகிறது. இதனையே மருத்துவர்கள் ஆஞ்சைனா என்பர்.

படிந்த கொழுப்பின் மேற்புறம் வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து, தமனி அடைபட்டுப்போனால் அது மாரடைப்பு. முழு அடைப்பு நேர்ந்தால் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் தசை மடியத் தொடங்குகிறது. அடுத்து வரும் மணிகளில் அம்மடிவு உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. மாரடைப்பு என்னும் தமிழ்ச்சொல் நடந்ததை உள்ளபடியே சொல்கிறது: மாரில் நேர்ந்த அடைப்பு. இதயம் துடிப்பதை நிறுத்துவது வேறு நிகழ்வு. மாரடைப்பு அதற்குக் காரணமாகலாம். ஆனால் மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கக்கூடும். நாளேடுகளில் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதும் பழக்கம் தொடர்வது வருந்தத்தக்கது. நினைவோடு இருப்பவருக்கு மாரடைப்பு வந்திருக்க முடியாது என்று குடும்பத்தார் நம்பிவிட இப்பழக்கமும் இடமளிக்கிறது.

வலி ஏன் கையிலும் தாடையிலும் தோன்றுகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதயத்திலிருந்து வலியுணர்வைச் சுமந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதியில் நுழைகின்றன. கையின் உட்பக்கத்திலிருந்து வரும் நரம்புகளும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே சேர்கின்றன. மூளை இரண்டையும் பிரித்தறியாமல் கை வலிப்பதாகக் கணிக்கிறது. தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு ஆகியவற்றில் தோன்றும் வலிக்கும் இத்தகைய விளக்கமே பொருந்தும்.

வலியா, அழுத்தமா?

1768ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தம் சகமருத்துவர்கள் முன் ஓர் உரை நிகழ்த்தினார். நடக்கும்போது நெஞ்சில் எழுந்து, நின்றதும் நீங்கிவிடும் ஒரு துன்பத்தை அவர் விவரித்தார். 1772இல் அவ்வுரை அச்சேறியது. அதற்கு அவர் சூட்டிய பெயர் ஆஞ்சைனா பெக்டோரிஸ். ஆஞ்சைனா என்னும் இலத்தீன் சொல் குரல்வளை நெரிக்கப்படும் உணர்வைக் குறிப்பது. வலி என்னும் பொதுச்சொல்லை விட்டு நெரிப்பு என்னும் சொல்லை அவர் தேர்ந்தது தற்செயலன்று. நோயாளிகள் சொன்னதை அவர் கூர்ந்து கேட்டிருக்கிறார்.

நம்மவர் சொல்வதும் அதுவே. "நெஞ்ச அமுக்குது", "கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு", "இறுக்கிப் புடிக்குது", "மூச்சு அடைக்குது" என்பவை தமிழ் முதியவர்கள் வாயில் இயல்பாக வருபவை. இவர்களிடம் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று விடை வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வலி என்பது குத்துவது, சுரீரென்பது, அடிபட்டாற் போன்றது. நெஞ்சில் இருப்பதோ பாரம். குறிப்பேட்டில் "நெஞ்சுவலி இல்லை" என்று பதிவாகிவிட்டால் அடுத்துப் பார்ப்பவர் அதனை நம்பிவிடுவார். தேர்ந்த தாதி ஆகவே "நெஞ்சில் என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். இவ்வினாவில் விடை ஒளிந்திருப்பதில்லை. நோயாளி தன் சொல்லைத் தானே தேடிக்கொள்ள அது இடம் தருகிறது.

இன்னொரு தடை காற்று. வாயு, வாயுப்பிடிப்பு, காத்து அடைச்சிருக்கு என்று நாம் சொல்வதைப் போலவே மலாய்க்காரர் ஆங்கின் என்பர். சீனரிடமும் காற்று என்னும் கருத்து உண்டு. மூவினத்தாரும் இதில் உடன்பட்டிருப்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் கோடாலித் தைலம் தடவி, ஓமநீர் அருந்தி, ஏப்பம் வரட்டும் என்று காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கக்கூடும். ஏப்பம் வந்ததும் வலி குறைந்தது என்பது இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. இதயத்தின் கீழ்ப்புறத்தில் நேரும் மாரடைப்பு குமட்டலோடும் மேல்வயிற்று நோவோடும் வருவதுண்டு. ஆகவே ஏற்கெனவே இதயநோய் உள்ளவர் "வாயுதான்" என்றால், தாதி அதனை நோயாளியின் சொல்லாகக் குறித்துக்கொள்வார். நோயின் பெயராகக் கொள்ளமாட்டார்.

கைகளும் பேசுகின்றன. நெஞ்சின் நடுவே மூடிய முட்டியை வைத்துக் காட்டுபவரை மருத்துவர் சாமுவேல் லெவின் குறித்துவைத்தார். அச்சைகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டும் வலியும், சில நொடிகளில் மறையும் குத்தலும், மூச்சை இழுக்கும்போது மட்டும் கூடும் வலியும் இதயத்திலிருந்து வரும் வாய்ப்புக் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம். இல்லை என்று சொல்லவில்லை. நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களுக்கு நரம்பு பழுதுபட்டு வலியே தோன்றாமல் மாரடைப்பு வரலாம். மூத்தோரிடமும் பெண்களிடமும் திடீர்ச் சோர்வு, மூச்சுத் திணறல், வியர்வை ஆகியவையே முன்னிற்கலாம். "ஒருமாதிரியா இருக்கு" என்பதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல இயலாமற் போகலாம்.

வலியின் அளவைச் சுழியிலிருந்து பத்து வரை எண்ணாற் சொல்லும்படி கேட்பது மருத்துவமனை வழக்கம். எண் ஒப்பீட்டுக்கு உதவும். மருந்துக்குப் பின் எட்டு மூன்றானதா என்று அறியலாம். ஆனால் "பொறுத்துக்கலாம்மா" என்று விடை சொல்லும் தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் பயன் தரும் வினா வேறு: "முன்பு மாரடைப்பு வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறதா?" இதற்கு அவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள். ஆம் என்று வந்தால் தாதி அதற்குமேல் சொல்லாராய்ச்சியில் நேரம் செலவிடுவதில்லை.

கைகள் செய்யும் பணி

மேற்கூறிய உரையாடல் நடக்கும்போதே கைகள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். நோயாளி எழுந்து நடப்பதை நிறுத்தி, தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாக அமர வைப்பது முதற்செயல். தாதி அவரைத் தனியே விட்டுப் போவதில்லை. அழைப்பு மணியை அழுத்தி உதவியை வரவழைக்கிறார். தோல் குளிர்ந்து வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, உயிர்வளிச் செறிவு ஆகியவற்றை அளக்கிறார். பன்னிரு கோண ஈசிஜியை வலி இருக்கும்போதே எடுக்கிறார். வலி தணிந்தபின் எடுத்தால் மாற்றங்கள் மறைந்துபோயிருக்கலாம். பழைய ஈசிஜி கோப்பில் இருந்தால் அதனை அருகே வைத்துக் காட்டுவது மருத்துவருக்குப் பேருதவி. முதல் வரைவு இயல்பாக இருந்தும் வலி நீடித்தால் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும்.

இவற்றோடு குரலும் ஒரு மருந்து என்பதைச் சொல்ல வேண்டும். இது அன்பைப் புகழும் பேச்சன்று, உடலியல் உண்மை. அச்சத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கிறது. இடது இதயத் தசைக்குக் குருதி பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு வேளையில்தான் பாய்கிறது. துடிப்பு விரையும்போது அந்த ஓய்வு வேளையே முதலில் சுருங்குகிறது. தேவை கூடும் அதே சமயத்தில் வரவு குறைகிறது. "நான் இங்கேதான் இருக்கிறேன் ஐயா, மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார், இப்போது ஒரு படம் எடுக்கப் போகிறேன்" என்று நோயாளியின் மொழியில் அமைதியாகச் சொல்லப்படும் மூன்று தொடர்கள் இதயத்தின் சுமையைக் குறைக்கக்கூடியவை.

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அல்லது தெளிப்பு மருந்து அடுத்தது. வெடிமருந்தாக அறியப்பட்ட இப்பொருளை ஆஞ்சைனாவுக்குத் தரலாம் என்று 1879இல் வில்லியம் மரெல் எழுதினார். அதே பொருளைக் கொண்டு டைனமைட் செய்து செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்குத் தம் இறுதிக் காலத்தில் மருத்துவர்கள் அதனையே பரிந்துரைத்தனர்; அம்முரணை அவரே தம் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இம்மருந்து நாளங்களை விரிவாக்கி இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைத்து அதன் வேலையை எளிதாக்குகிறது. அதனாலேயே இரத்த அழுத்தமும் இறங்கும். மேலழுத்தம் 90க்குக் கீழே இருந்தால் தரலாகாது. இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட மாரடைப்பில் அழுத்தம் திடுமெனச் சரியும் என்பதால் அங்கும் எச்சரிக்கை வேண்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையைக் கடந்த 24 மணி நேரத்திலும், தடலாஃபிலைக் கடந்த 48 மணி நேரத்திலும் உட்கொண்டவருக்கு இம்மருந்து ஆபத்து. மகனும் மருமகளும் சூழ நிற்கும்போது இதனைத் தந்தையிடம் கேட்பது எளிதன்று. திரையை இழுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "இதைக் கேட்காமல் இந்த மருந்தைத் தரமுடியாது ஐயா" என்று காரணத்தோடு கேட்டால் பெரும்பாலோர் உண்மை சொல்வர். ஆண் தாதி அருகிலிருந்தால் அவரைக் கேட்கச் சொல்வதும் உண்டு.

மருத்துவ ஆணைப்படி 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மென்று விழுங்கத் தரப்படும். மென்றால்தான் விரைந்து செயற்படும். உயிர்வளியைப் பற்றிய கருத்து மாறியிருக்கிறது. நெஞ்சுவலி என்றதும் முகமூடி அணிவித்து உயிர்வளி செலுத்துவது பல்லாண்டுகள் வழக்கமாக இருந்தது. 2017இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு 6,629 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. உயிர்வளிச் செறிவு போதிய அளவு இருந்தவர்களுக்கு மேலும் உயிர்வளி கொடுத்ததால் ஓராண்டு இறப்பு விகிதம் குறையவில்லை என்று அது காட்டியது. இன்று செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலே உயிர்வளி தர வேண்டும் என்பது பொது நெறி. முகமூடி வைக்கவில்லையே என்று சினக்கும் உறவினருக்கு இதனை விளக்குவதும் தாதியின் வேலையாகிவிடுகிறது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது என்ன சொல்வது? நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு பகுதிகளாகச் சொல்லும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. "ஏழாம் படுக்கை நோயாளிக்குப் பத்து நிமிடங்களாக நெஞ்சில் அழுத்தம். மூன்று நாளுக்கு முன் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். வியர்த்திருக்கிறார், அழுத்தம் 100க்கு 60, ஈசிஜியில் புதிய மாற்றம் தெரிகிறது. உடனே வந்து பார்க்க வேண்டுகிறேன்." கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்நான்கு தொடர்களையும் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். நான்காம் தொடர்தான் கடினம். மூத்த மருத்துவரிடம் இளந்தாதி ஒருவர் இன்னது செய்யுங்கள் என்று சொல்வது நம் பண்பாட்டில் பழக்கமில்லாதது. ஆயினும் அத்தொடர் இல்லாத அழைப்பு பாதி அழைப்பு.

தாதியர் பெற்ற உரிமை

தாதியர்க்கு இவ்வளவு பொறுப்பு எப்போதும் இருந்ததில்லை. 1960க்கு முன் மாரடைப்பு நோயாளிகள் பொதுக்கூடத்தில் எங்கோ ஒரு படுக்கையில் அமைதியாகக் கிடந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்க முடியும் என்று அறிந்திருந்தும், மருத்துவர் ஓடிவந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன், இத்தகையோரை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்று எழுதினார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சரும் தாதி ரோஸ் பின்னியோவும் அடுத்த அடியை எடுத்துவைத்தனர்: தாதியே ஈசிஜியைப் படித்து, மருத்துவருக்குக் காத்திராமல் மின்னதிர்ச்சி தரலாம். அவர்கள் தாதியருக்கென எழுதிய கையேடு 1965இல் வெளிவந்தது. இத்தகைய பிரிவுகள் பரவியபின் மருத்துவமனை இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அதற்குக் காரணமன்று. முடிவெடுக்கும் உரிமை படுக்கைக்கு அருகில் நிற்பவருக்குக் கிடைத்ததே காரணம் என்பது என் கருத்து.

இந்நோய் நமக்கு அயலான ஒன்றன்று. சிங்கப்பூரில் பிணப்பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து டி. ஜே. தனராஜும் உடனாய்வாளர்களும் 1959இல் வெளியிட்ட கட்டுரை, முடியுருத் தமனி நோய் சீனரைவிட இந்தியரிடம் மிகுந்திருப்பதைக் காட்டியது. அவரே பின்னர்க் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். இந்திய மரபினரிடம் இந்நோய் மிகுதி என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தியுள்ளன.

ஆகவே தாத்தா பாட்டியோடு வாழும் மாணவர்களுக்கு ஒரு பணி உண்டு. மருத்துவமனையில் தமிழ் அறியாத தாதியிடம் பாட்டியின் சொல்லை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீங்களே. பாட்டி "அமுக்குது" என்றால் அமுக்குகிறது என்றே மொழிபெயருங்கள். வலி என்று மாற்றாதீர்கள். "காத்து" என்றால் பாட்டி காற்று என்று சொல்கிறார் எனச் சொல்லுங்கள். வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டிச் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது என்பதைக் கடிகார நேரத்தில் கேட்டறியுங்கள். "விளக்கு வைக்கிறப்போ" என்பதை ஏழு மணி என மாற்றித் தருவது உங்களால் இயலும், தாதியால் இயலாது.

வீட்டிலேயே வலி வந்தால், அமர வைத்து, மருத்துவர் முன்பே கொடுத்துள்ள நாக்கடி மாத்திரை ஒன்றைத் தரலாம். 5 நிமிடங்களில் தணியாவிட்டாலோ கூடினாலோ சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். முன்பு இதயநோய் இல்லாதவருக்கும், மாத்திரை கைவசம் இல்லாதவருக்கும் அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பும் வேண்டா. டாக்சியிலோ சொந்தக் காரிலோ அழைத்துச் செல்வது விரைவாகத் தோன்றும். வழியில் துடிப்பு நின்றுபோனால் அவ்வண்டியில் மின்னதிர்ச்சிக் கருவி இராது. மருத்துவ வண்டியில் இருக்கும். அழைப்பை எடுப்பவர் நெஞ்சழுத்தம் தரும் முறையையும் தொலைபேசியிலேயே சொல்லித் தருவார். மாத்திரைப் புட்டியைப் பற்றி ஒன்று: நைட்ரோகிளிசரின் ஆவியாகும் இயல்புடையது. அதனை வண்ணக் கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். கிழமை வாரியாகப் பிரித்த நெகிழி மாத்திரைப் பெட்டியில் போடக்கூடாது. புட்டியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதி வையுங்கள். பொதுவாக எட்டு வாரங்களுக்குப் பின் அந்த மாத்திரையை நம்ப முடியாது.